பனியன் கம்பெனியில் ஹெச்ஐவி: ஒரு ஹெச்ஆர் பார்த்தது

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்து, அங்கேயே ஹெச்ஆர் மேனேஜர் ஆனேன். இப்போது சில சின்ன கம்பெனிகளுக்கு ஆடிட் சம்பந்தமான வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். தொழிலாளி ஒருவருக்கு ஹெச்ஐவி இருப்பது தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்டு எனக்கு அடிக்கடி போன் வரும். கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க கம்பெனியில இல்லீங்க மேடம், தெரிஞ்ச ஒரு இடத்துல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களுக்குச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் பார்த்தவரையில் கம்பெனிக்கு நஷ்டம் வந்த ஒவ்வொரு தடவையும் விஷயம் வெளியே கசிந்திருந்தது. கசியாத இடங்களில் எப்போதாவது ஒரு அரை நாள் லீவோடு முடிந்துபோனது. பக்கத்து மிஷினில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. வைத்தியத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. கம்பெனி பார்க்க வேண்டியது ரகசியத்தையும், அந்த ரகசியத்தைக் காப்பாற்ற இடைஞ்சலாக இருக்கும் தன்னுடைய சொந்த விதிகளையும்தான். கேட்கச் சுலபமாக இருக்கும். நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்யும் இடத்தில், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் ஊர்க்காரர், மீதிப் பேர் சொந்தக்காரர் என்று இருக்கும்போது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

ஹெச்ஐவி இருப்பவர்களைப் பாதுகாக்கும் சட்டம் வருவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது இது. எங்கள் கட்டிங் செக்‌ஷனில் ஒரு மாஸ்டர் இருந்தார். துணியைக் கையில் பிடித்துப் பார்த்தே, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று சொல்வார். அதற்குத் தகுந்தாற்போல் இடம் விட்டு வெட்டுவார். அப்படி ஓர் ஆள் இருந்தால் துணி கிலோக்கணக்கில் மிச்சமாகும். அவருக்கு விடாத இருமல். பஞ்சுத் தூசிதான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் காட்டியதில் டிபி என்று தெரிந்தது. டிபி என்றாலே ஹெச்ஐவி பரிசோதனையும் செய்துபார்ப்பது அரசுத் திட்டத்தில் வழக்கம். அதுவும் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் டிபி மாத்திரையும், பிறகு ஹெச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். உடம்பும் தேறிக்கொண்டுதான் இருந்தது.

காட்டிக்கொடுத்தது கேட். பீஸ் திருட்டுப் போகாமல் இருக்க, வேலை முடிந்து போகும்போது எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பது இங்கே பல கம்பெனிகளில் வழக்கம். மாஸ்டரின் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் மாத்திரை டப்பாவும், ஏஆர்டி மையத்தில் தரும் சிகிச்சைப் புத்தகமும் இருந்தன. செக்யூரிட்டி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அன்று ராத்திரி டீக்கடையில் சொன்னார். மறுநாள் காலை கட்டிங் டேபிளில் மாஸ்டரைத் தவிர யாரும் இல்லை. ஹெல்பர்கள் பேக்கிங் செக்‌ஷன் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய பயம் ஒரே ஒரு பொருளில் வந்து நின்றது: மெட்டல் கிளவுஸ். கட்டிங் மிஷினின் கத்தி நேராக மேலும் கீழும் ஓடும். துணியைப் பிடிக்கும் கையில் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. செக்‌ஷனில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். யார் வெட்டுகிறாரோ அவர் மாட்டிக்கொள்வார், முடித்ததும் ஆணியில் தொங்கவிடுவார். "அவர் போட்டதை நாங்க எப்படிங்க மேடம் போடறது?" என்றார் ஒரு பையன். அவர் கேட்டதில் தப்பில்லை. மெட்டல் கிளவுஸை யாரும் கழுவியதே கிடையாது. வியர்வையும் எண்ணெயும் பிடித்துக் கறுத்துப்போய் இருந்தது. ஹெச்ஐவி இல்லாவிட்டாலும் அதை ஆளுக்கு ஆள் மாற்றிப் போடுவது சுத்தமில்லாத பழக்கம்தான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஆள் தங்கமான ஆளுங்க மேடம். ஆனா நாளைக்குக் கை கிழிஞ்சு துணியில ரத்தம் பட்டுச்சுன்னா பையருக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க?" யாருடைய ரத்தம் பட்டாலும் அந்தப் பீஸை அப்புறப்படுத்த வேண்டும் என்பது எங்கள் கம்பெனியில் ஏற்கெனவே இருந்த விதி. ரத்தம் பட்ட துணி எந்தப் பையருக்கும், அதாவது எங்களிடம் வாங்கும் எந்தக் கம்பெனிக்கும், போகாது. அதையே சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் முகம் மாறவில்லை. மாஸ்டர் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் இருக்கவும் சொல்லவில்லை.

அவர் வராத நாட்களில் வெளியிலிருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டிவந்து வெட்டினார்கள். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் எங்கள் துணி அவருக்குப் பழக்கமில்லை. குழந்தைகள் பனியனுக்கான ஒரு ஆர்டரில் சுருக்கத்துக்கு விட வேண்டிய இடத்தை விடாமல் வெட்டிவிட்டார். வாஷிங் முடிந்து அளந்தால் நீளம் குறைந்திருந்தது. அந்த லாட் முழுக்க மறுபடி துணி ஓட்டி, சாயம் போட்டு, வெட்டித் தைக்க வேண்டியதாயிற்று. கப்பலில் போக வேண்டிய பெட்டிகள் விமானத்தில் போயின. ஏர் ஃபிரைட் பில்லைப் பார்த்த அன்று சாயங்காலம் முதலாளி தன் காரை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "மாஸ்டர், ஆளுக்கு ஒரு கிளவுஸ் ஆர்டர் போட்டாச்சு. பேர் எழுதி மாட்டிக்கலாம். திங்கக்கிழமை வந்துருங்க."

அவர் மனிதாபிமானத்தில் செய்தாரா, ஏர் ஃபிரைட் பயத்தில் செய்தாரா என்று நான் இதுவரை ஆராய்ந்ததில்லை. முதலாளிகளிடம் பேசும்போது நான் கணக்கையே முதலில் எடுக்கிறேன். மருந்துச் செலவு யாருடையது என்பது அவர்களுடைய முதல் கேள்வி. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்கக் கம்பெனி 2002-இல் தன் தொழிலாளர்களுக்குச் சொந்தச் செலவில் ஏஆர்டி மருந்து தர முடிவுசெய்தது. அங்கே அப்போது கம்பெனி கொடுத்தால்தான் மருந்து என்ற நிலை. நமக்கு அந்தப் பாரம் கிடையாது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் ஏஆர்டி இலவசம். தாம்பரம் சானடோரியம் முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் ஒன்று. இன்று மாவட்டத்துக்கு மாவட்டம் மையம் இருக்கிறது. கம்பெனி தர வேண்டியது அந்த மையத்துக்குப் போய்வர நேரம் மட்டும்தான்.

மாஸ்டர் திரும்பி வருவதற்கு முன் அரசு மருத்துவமனையில் ஹெச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்திலிருந்து ஒரு கவுன்சிலரை வரவழைத்தோம். அவர் செய்த விதம் எனக்கு இன்றும் உதவுகிறது. நேராக ஃப்ளோருக்குப் போகவில்லை. முதலில் முதலாளி, அவர் மகன், புரொடக்‌ஷன் மேனேஜர் ஆகிய மூவரிடம் ஒரு மணி நேரம். அடுத்து சூப்பர்வைசர்களிடம். அதன் பிறகுதான் தொழிலாளர்களிடம், அதுவும் செக்‌ஷன் செக்‌ஷனாக. சூப்பர்வைசர் பயந்து நின்றால் அவருக்குக் கீழே இருக்கும் யாருக்கும் தைரியம் வராது. மாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது ஜாடையாகக் கேட்டபோது, "நான் யாரைப் பத்தியும் பேச வரலீங்க, ரத்தத்தைப் பத்திப் பேச வந்திருக்கேன்" என்றார்.

கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லிக் காலி நூல் கோன் பெட்டி ஒன்றை வைத்தார். பேர் எழுத வேண்டாம். சீட்டுகளை நான் பிரித்துக் கொடுத்தேன். கொசு கடித்தால் வருமா, ஒரே பாத்ரூம் போனால் வருமா, கேண்டீன் டம்ளரில் வருமா என்று பாதி. மீதி எல்லாம் ஊசி. தையல் மிஷின் ஊசி உடைந்து குத்தினால்? ஒரு ஷிப்டில் ஒருவர் விரலில் ஏறிய ஊசி அடுத்த ஷிப்டில் இன்னொருவர் விரலில் ஏறினால்?

இதற்கு அவர் சொன்ன விளக்கத்தை நான் இப்போதும் அப்படியே சொல்கிறேன். மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிய குழாய் ஊசி நர்ஸின் கையில் ஆழமாகக் குத்தினாலே, நோயாளி மருந்து சாப்பிடாதவராக இருந்தால்கூட, தொற்று வருவது ஆயிரத்தில் சுமார் மூன்று தடவை. தையல் ஊசிக்கு உள்ளே குழாய் கிடையாது. ரத்தம் காய்ந்தால் அந்த வைரஸ் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. தவிர, எங்கள் மாதிரிக் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். குழந்தைகள் துணியில் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. விரலில் ஏறிய ஊசியையும் அதே விதியில் மாற்றிவிட வேண்டியதுதான், யாருடைய விரல் என்று பார்க்காமல். முதலுதவிப் பெட்டியில் கையுறை இருக்க வேண்டும். யாருக்கு அடிபட்டாலும் கையுறை போட்டுத்தான் கட்டுப் போட வேண்டும். இவ்வளவும் அந்த வாரத்திலேயே நடைமுறைக்கு வந்தது. ஏதாவது பெரிய விபத்தில் ஒருவரின் ரத்தம் இன்னொருவரின் வெட்டுக்காயத்தில் பட்டுவிட்டால், தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

பெட்டியில் கிடந்த ஒரு சீட்டு கேள்வி மாதிரி இல்லை. "எனக்கும் இருக்குமோனு பயமா இருக்கு. எங்க போயி பாக்கறது" என்று பென்சிலில் எழுதியிருந்தது. கவுன்சிலர் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. பொதுவாகச் சொல்வதுபோல், நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது, பரிசோதனை இலவசம், ரகசியம், 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம் என்று இரண்டு தடவை சொன்னார். எழுதியவர் யார் என்று நான் தேடவில்லை. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

மாஸ்டர் திரும்பி வந்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. அப்போது அவருக்குத் தந்த ஏஆர்டியில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்தது. டிபியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு அதைத்தான் தருவார்கள். அது சிலருக்குத் தலைசுற்றலையும், தூக்கத்தில் கனாக்களையும் கொடுக்கும், அதனால் படுக்கப்போகும்போது சாப்பிடச் சொல்வார்கள். நைட் ஷிப்டில் கட்டிங் மிஷின் முன்னால் நிற்கும் ஆளுக்கு அது ஆபத்து. அவருக்கு நைட் ஷிப்ட் போடாமல் விட்டோம். ஒருவருக்கு மட்டும் சலுகை கொடுத்தால் பழைய பேச்சு மறுபடி கிளம்பும் என்பதால், டாக்டர் சீட்டு கொண்டுவரும் எவருக்கும் நைட் ஷிப்ட் விலக்கு என்று போர்டில் ஒட்டினோம். சீட்டில் நோயின் பெயர் வேண்டாம், "நைட் ஷிப்ட் தவிர்க்கவும்" என்று இருந்தால் போதும். சர்க்கரைக்காரர்களும் வலிப்பு உள்ள ஒருவரும் அதில் பயனடைந்தார்கள். இப்போது டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை வந்துவிட்டது. பெரும்பாலானோருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கேட் விஷயத்துக்கு ஒரு சுலபமான வழி கிடைத்தது. பையை உள்ளேயே விடவில்லை. செக்யூரிட்டி கேபினுக்கு வெளியே பூட்டு போட்ட அலமாரி வைத்து, பையை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னோம். உள்ளே பை போகாதபோது போகும்போது திறந்து பார்க்க ஒன்றும் இல்லை. சாப்பாட்டுப் பாத்திரமும் அவசரத்துக்கு ஒரு வேளை மாத்திரையும் மட்டும் கையில். கடுகு டப்பாவிலோ பழைய விட்டமின் டப்பாவிலோ மாத்திரையைப் போட்டு வைப்பவர்கள் நிறையப் பேர். டப்பாவில் ஈரம் போகக் கூடாது என்று மட்டும் சொல்வேன்.

அடுத்தது லீவு. இது எனக்குப் புரிந்தது ஓவர்லாக் டைலர் ஒரு அக்கா மூலமாக. கணவர் இறந்து சில வருடம். அவரே ஒரு நாள் லஞ்ச் நேரத்தில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "மேடம், லீவு லெட்டர்ல காரணம்னு என்னங்க எழுதறது?" என்றார். அதுவரை அவர் எழுதிய லெட்டர்களை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல், பாட்டி சாவு, மகள் ஸ்கூல் மீட்டிங், மறுபடி காய்ச்சல். எல்லாம் ஏஆர்டி மையத்துக்குப் போன நாட்கள். மையம் வேலை நாட்களில்தான் இயங்கும். காலையில் போய் டோக்கன் போட்டால் மருந்து வாங்கித் திரும்ப மதியம் ஆகும். நம் ஊர்க் கம்பெனிகளில் ஒரு நாள் வராவிட்டாலும் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். அந்தப் பணத்துக்காக அவர் மருந்து தீர்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் போவார். ஷிப்மென்ட் நேரம் என்றால் இன்னும் தள்ளும்.

இதில் கம்பெனிக்குத் தெரியாத ஒரு ஆபத்து இருக்கிறது. இந்த மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடலாம். அப்புறம் வேறு மருந்து, அதிக மாத்திரை, அதிக ஆஸ்பத்திரி நாட்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவின் மூலம்கூட அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. ஃப்ளோரில் இருப்பவர்கள் பயப்படும் விஷயத்துக்கு மருந்தும் பாதுகாப்பும் அந்த மாத்திரைதான். அதை வாங்கப் போகவிடாமல் தடுத்தது எங்கள் அட்டெண்டன்ஸ் போனஸ்.

மாதத்துக்கு ஒரு அரை நாள் பெர்மிஷன், காரணம் கேட்கக் கூடாது, போனஸ் வெட்டக் கூடாது, எல்லோருக்கும் பொது. இதைத்தான் கேட்டேன். புரொடக்‌ஷன் மேனேஜர் குதித்தார். எல்லோரும் ஒரே நாளில் போனால் லைன் என்ன ஆவது என்றார். லைனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று ஒரு வரம்பு போட்டுக்கொண்டோம். ரேஷன் கடைக்கும் பேங்க்குக்கும் போனவர்கள்தான் அதிகம். அது இருக்கட்டும். அந்தக் கூட்டத்தில் ஏஆர்டிக்குப் போகிறவர் தனியாகத் தெரியமாட்டார், எனக்கு வேண்டியதும் அதுதான். அவுட் பாஸில் இருந்த "காரணம்" என்ற கட்டத்தையே எடுத்துவிட்டோம். நல்ல வேளையாக, ஒழுங்காக மருந்து எடுத்து உடம்பு நிலையாக இருப்பவர்களுக்கு இப்போது இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்தே தருகிறார்கள். வருடத்தில் போக வேண்டிய தடவைகள் குறைந்துவிட்டன.

உடம்பு மோசமாகிப் படுத்துவிட்டால் இஎஸ்ஐ இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். நீண்ட கால நோய்கள் என்று இஎஸ்ஐ வைத்திருக்கும் 34 நோய்களின் பட்டியலில் டிபியும் எய்ட்ஸும் உண்டு. தகுதி இருந்தால் 80 சதவீதம் என்று நீட்டிப்பும் கிடைக்கும். இதற்கான டாக்டர் சர்டிபிகேட்டைத் தொழிலாளி இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கொடுத்தால் போதும். அந்த நாட்களில் அவர் வேலைக்கு வரவில்லை, சம்பளம் தரவில்லை என்பதைத்தான் கம்பெனியிடம் உறுதி கேட்பார்கள். "சர்டிபிகேட்டை எங்கிட்ட காட்டிட்டுப் போ" என்று கேட்கும் டைம் ஆபீஸ்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். காட்டத் தேவையில்லை என்பதைத் தொழிலாளிக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

2017-இல் ஹெச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1997-இல் பம்பாய் உயர்நீதிமன்றம், வேலை செய்யும் தகுதி இருக்கும் ஒருவருக்கு ஹெச்ஐவி இருப்பதாலேயே வேலையை மறுக்கக் கூடாது என்று ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தினக்கூலித் தொழிலாளியின் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. இப்போது அது சட்டமாகவே இருக்கிறது. வேலைக்குச் சேர்க்க ஹெச்ஐவி பரிசோதனை கேட்கக் கூடாது. ஹெச்ஐவி இருப்பதற்காக நிறுத்தக் கூடாது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், இவரால் வேலை செய்யும் இடத்தில் மற்றவருக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருக்கிறது அல்லது இவர் இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று கம்பெனியைச் சாராத மருத்துவர் ஒருவர் எழுத்தில் தர வேண்டும். மாற்று ஏற்பாடு செய்து கொடுப்பதில் என்ன சிரமம் என்று முதலாளியும் எழுத்தில் தர வேண்டும். தையல் மிஷினில் உட்காரும் ஒருவருக்கு எந்த டாக்டர் அப்படி எழுதித் தருவார்? இந்தப் பாதுகாப்பு கூட வசிக்கும் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கும் உண்டு. கணவருக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு மனைவியை நிறுத்துவதும் சட்டப்படி தப்புதான்.

சட்டத்தை நேராக மீறுகிறவர்கள் குறைவு. சுற்றிவளைத்துச் செய்வார்கள். இன்னொரு கம்பெனியில் அயர்னிங் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை விஷயம் தெரிந்ததும் லோடிங்குக்கு மாற்றினார்கள். மூட்டை தூக்க முடியாமல் அவரே நின்றுவிட்டார். ஃபைலில் "சொந்தக் காரணத்தால் ராஜினாமா" என்று இருக்கிறது. ஆடிட்டர் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். இப்படி ஒரு செக்‌ஷன் மாற்றத்தையும் அதற்குப் பின்னால் வரும் ராஜினாமாவையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் ஹெச்ஐவி சம்பந்தமான புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நான் போகும் கம்பெனிகளில் கேட்டால் பல இடங்களில் ஹெச்ஆர் பெயரையே எழுதி ஒட்டியிருப்பார்கள். என் அபிப்பிராயத்தில் ஹெச்ஆர் வேண்டாம். மெமோ கொடுக்கிற கைக்குப் புகாரும் கொடு என்றால் யார் வருவார்கள்? எங்கள் கம்பெனியில் முதலுதவி அறை நர்ஸைப் போட்டோம். அந்த அறைக்குத் தலைவலி என்று யார் வேண்டுமானாலும் போகலாம், ஏன் போனார் என்று கேட்கமாட்டார்கள். நோட்டீஸைத் தமிழில் மட்டுமல்ல, இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்ட வேண்டியிருந்தது.

ஒருமுறை சூப்பர்வைசர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பெயர் சொல்லி, "அவன்கிட்ட தள்ளி நில்லுங்க" என்று. கேட்டவுடனே அனுப்பியவரைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லி, மெமோ கொடுத்து, சட்டத்தின் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். ஹெச்ஐவி இருப்பவர்மீது வெறுப்பைப் பரப்பினால் 3 மாதத்திலிருந்து 2 வருடம் வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். ஆளுக்கு வியர்த்துவிட்டது. அன்றே எல்லா சூப்பர்வைசர்களையும் உட்காரவைத்துப் பேசினேன். பாதிக்கப்பட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன நடந்தது, கம்பெனி என்ன செய்திருக்கிறது என்று மறைக்காமல் சொன்னேன். செக்‌ஷன் மாற வேண்டுமா என்று கேட்டேன். "நான் எதுக்குங்க மாறணும்?" என்றார். அங்கேயேதான் இருந்தார்.

மெடிக்கல் கேம்ப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்து கெடுப்பது இங்கேதான். ஒரு லேப் வந்து, எல்லோருக்கும் இலவசமாக ரத்தம் பார்க்கிறோம், ஹெச்ஐவியும் சேர்த்துப் பார்த்து லிஸ்ட்டை உங்களுக்கு மெயில் பண்ணுகிறோம் என்றார்கள். அந்த லிஸ்ட் என் கம்ப்யூட்டருக்கு வந்தால் ஒரு வாரத்தில் ஊருக்கே தெரியும். சம்மதம் வாங்காமல், கவுன்சிலிங் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்வதே சட்டப்படி தப்பு. சர்க்கரை, பிரஷர், ரத்தசோகை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பிறகு நம்பிக்கை மையத்துக்காரர்களையே அழைத்து, விரும்புகிறவர்கள் மட்டும் தனி அறையில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். ரிசல்ட் அவரவர் கைக்கு. எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற எண்ணிக்கைகூட எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னோம். சின்ன கம்பெனியில் "ஒருவர்" என்று தெரிந்தாலே யார் அந்த ஒருவர் என்று வேட்டை ஆரம்பித்துவிடும்.

ஹாஸ்டலில் தங்கும் வடமாநிலப் பையன்கள் விஷயம் கொஞ்சம் வேறு. ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் ஊரில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர், இங்கே வந்ததும் நிறுத்தியிருந்தார். இங்கே யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. மொழியும் இல்லை. ஏஆர்டி மையத்தை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய மையத்தின் புத்தகம் இருந்தால் வேலை சுலபம். தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிக் கூடுதல் மருந்து வாங்கிக்கொள்ளலாம். ரயில் டிக்கெட் புக் செய்யும் அதே வாரத்தில் இதையும் நினைவூட்டச் சொல்லி நர்ஸிடம் சொல்லியிருந்தேன். ஹாஸ்டலில் உண்மையாகவே காற்றில் பரவுவது டிபி. ஹெச்ஐவி இருப்பவர்களுக்கு உயிராபத்தைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் டிபிதான். தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பதில் காட்டும் அக்கறையை ஜன்னல் இல்லாத அறையில் பன்னிரண்டு பேரை அடைப்பதில் யாரும் காட்டுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று வார்டனிடம் சொல்லி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது எனக்கு வரும் போன்களில் பெரிய கம்பெனிகள் குறைவு. பவர் டேபிள் வைத்து முப்பது, நாற்பது மிஷின் ஓட்டுகிறவர்கள், லேபர் காண்ட்ராக்டர்கள்தான் அதிகம். புகார் அதிகாரி நியமிக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்பதை எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். பாகுபாடு காட்டக் கூடாது என்ற தடை அவர்களுக்கும் உண்டு என்பதைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே கைமடிக்கிற பெண்ணிலிருந்து ஓனரின் மாமியார் வரை எல்லோருக்கும் எல்லாம் தெரியும், அலமாரி வைக்க இடம் கிடையாது, நர்ஸ் கிடையாது. போன வாரம் அப்படி ஒருவர் பேசினார். தன்னிடம் வேலை செய்யும் ஒரு டைலருக்கு இருக்கிறதாம், யாரோ சொன்னார்களாம், என்ன செய்யட்டும் என்றார். அந்த டைலர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றார். வேலை எப்படி என்று கேட்டேன். "சுத்தமான வேலைங்க, ஆல்ட்ரேஷனே வராது" என்றார். அப்படியானால் நீங்கள் கேள்விப்படவே இல்லை, சொன்னவரிடம் இதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மாதத்தில் ஒரு காலை அவர் லேட்டாக வந்தால் ஏன் என்று கேட்காதீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவ்வளவுதானுங்களா மேடம்?" என்றார். அவ்வளவுதான் என்றேன்.